கிணற்றுக் கதையின் கடைசிப் பகுதி

திருவொற்றியூருக்கும் எர்ணாவூருக்கும் நடுவில், கப்பல்களுக்குக் கயிறு திரிக்கும் ஆலை ஒன்றில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தேன். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் நான். அந்தப் பிரிவில் தடங்கல் இல்லாமல் தமிழ் படிக்க என்னால்தான் முடியும். அதனால் மத்தியானச் சங்கு ஊதியதும், தூக்குச்சட்டியைத் திறப்பதற்கு முன்பே, "படிமே" என்று ஆலை முற்றத்து மரத்தடியில் என்னைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பழைய பத்திரிகை எது கிடைத்தாலும் படித்துக் காட்டுவேன். பிறகு அந்தக் கதை வந்தது. வந்த பிறகு வேறு எதையும் அவர்கள் கேட்கவில்லை.

டோல்கேட் பக்கத்தில் ஒரு சந்துக்குள் இருந்த சின்ன அச்சகம் அதை மாதம் இரண்டு முறை மெல்லிய புத்தகமாகப் போட்டது. மட்டமான காகிதம். மை விரலில் ஒட்டும். அட்டையில் பலகை போட்டு மூடிய கிணறு. எழுதியவர் ஏதோ புனைபெயர் வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பெண்கள் அதற்கு வைத்த பெயர் கெணத்துக் கதை.

கதை நடப்பது நூறு வருஷத்துக்குப் பிறகு, கடலோரத்தில் ஒரு பட்டணத்தில். அங்கே கிணறுகளையெல்லாம் தூர்த்துவிட்டார்கள். மழைத் தண்ணீரைச் சட்டியில் பிடித்து வைப்பதுகூடக் குற்றம். ஊர் நடுவே ஒரு கோபுரம், அதன் உச்சியில் தொட்டி. தினம் ஒரு முறை மணி அடிக்கும்போது வீடுகளுக்குக் குழாயில் தண்ணீர் வரும். கோபுரத்தைப் பற்றி யாராவது முணுமுணுத்தால் அவர்கள் வீட்டுக் குழாய் காய்ந்துவிடும். அந்த ஊரில் யாரையும் அடிப்பதில்லை, ஜெயிலில் போடுவதும் இல்லை. மறுநாள் மணி அடிக்கும், தெரு முழுக்கத் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும், அந்த ஒரு வீடு மட்டும் சும்மா இருக்கும். அந்த வீட்டுக்கு யாரும் ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் தங்கள் குழாயும் காயும்.

அந்த ஊரில் ஒரு விதவை. அவளுக்குக் கதையில் பெயர் கிடையாது. ஒருநாள் அவளுடைய அடுப்படித் தரை உள்வாங்குகிறது. கீழே, யாரோ அவசரத்தில் பாதி மட்டும் தூர்த்த பழைய கிணறு. அதில் தண்ணீர் இருக்கிறது. அவள் அதன்மேல் பலகை போட்டு, பலகைமேல் விறகை அடுக்கிவிடுகிறாள். முதல் பகுதி அங்கே முடிந்தது.

கேட்டவர்களுக்கு வந்த பயம் பேய்க் கதை கேட்டால் வரும் பயம் இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை தாகத்தில் அழுகிறது. அவளிடம் தண்ணீர் இருக்கிறது. கொடுத்தால் அந்த வீட்டுக்காரிக்கு விஷயம் தெரிந்துவிடும். கொடுக்காவிட்டால் குழந்தை அழுகையை நிறுத்தாது. அவள் கொடுத்தாள். அதற்கடுத்த வீட்டுக்கும் கொடுத்தாள். விஷயம் தெரிந்தவர்கள் கூடக் கூட அவளுக்குத் துணையும் கூடியது, ஆபத்தும் கூடியது. படிக்கும்போது எனக்கே தொண்டை வறளும். ஒரு பகுதியில், கோபுரத்து ஆள் முன்னறையில் உட்கார்ந்து குடும்ப அட்டையைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறான். அடுப்படியில் அவள் பாதி இறைத்த வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விடவும் முடியாது, இழுக்கவும் முடியாது. கயிறு மெல்ல முனகுகிறது. 'தொடரும்' என்று போட்டுவிட்டார்கள்.

"அடப் பாவி, அங்க போயா நிறுத்துவான்?" என்றாள் புளியந்தோப்பிலிருந்து ரயிலில் வருகிறவள். என்னைவிட இரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். வாய் அதிகம், பயம் கிடையாது.

காசிமேட்டு அக்காவுக்கு வேறு கவலை. அவர் புருஷன் கட்டுமரத்தில் போகிறவர். "அவ எந்தக் கயித்துல எறைக்கிறா? தேங்கா நாருன்னா ஈரத்துல மொனகும். சணல்ல எறைக்கச் சொல்லு, சத்தமே வராது."

எல்லோரும் சிரித்தோம். அடுத்த பகுதியில் விதவை தேங்காய் நார்க் கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சணல் கயிறு மாற்றியிருந்தாள். அதைப் படித்துக் காட்டினேன். காசிமேட்டு அக்கா கையில் பிசைந்த சோற்றோடு என்னையே பார்த்தார். "நாம பேசனது அவனுக்கு எப்டிமே கேட்டுது?"

எனக்குத் தெரியும். சொல்லத்தான் முடியாது. எழுதியவர் என் அக்கா புருஷன்.

அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அதே ஆலையில் எடை போடும் இடத்தில் குமாஸ்தா. அக்காவைக் கட்டிய பிறகு ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டிலேயே தங்கினார். அம்மாவும் நானும் ஓர் அறை, அவர்கள் ஓர் அறை. நான் அவரை மாமா என்பேன். அவர் என்னைப் பாப்பா என்பார். எழுதுவது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று முதல் நாளே என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். அக்காவுக்குக் கதையில் நாட்டம் இல்லை. வயிற்றில் பிள்ளை, எந்நேரமும் வாந்தி. எழுதியவர் யார் என்று தெரிந்த ஒரே வாசகி நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் எனக்கும் சேர்த்து டீ போட்டுக் கொண்டுவருவார். "சொல்லு பாப்பா. இன்னைக்கு என்ன சொன்னாங்க?" என்பார்.

நான் சொல்வேன். அவசரப்படுத்த மாட்டார். நான் சுருக்கினால் விடமாட்டார். "அப்படி இல்ல. அவ சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லு. யாரு சொன்னா? மத்தவங்க என்ன பண்ணாங்க, சிரிச்சாங்களா, தலையாட்டுனாங்களா?" நான் ஒவ்வொருத்தி குரலிலும் பேசிக் காட்டுவேன். அவர் கண்ணை மூடிக் கேட்பார். அதற்கு முன்னால் என் பேச்சை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அப்பா உயிரோடு இருந்தபோதும் இல்லை. நானும் அந்தக் கதையை எழுதுவதில் ஒரு கை என்று எனக்குள் ஒரு பெருமை. அதை எங்கேயும் காட்டிக்கொள்ள முடியாதது ஒன்றுதான் குறை.

அந்தச் சமயத்தில் ஆலையில் ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தார்கள். இனி ஒருத்தி ஒரு மெஷின் பார்த்தால் போதாது, இரண்டு பார்க்க வேண்டும். கூலி அதேதான். நூல் அறுந்தால் முடிச்சுப் போட ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு ஓட வேண்டும். ஓடும்போது முதல் மெஷினில் அறுந்துவிடும். முதல் வாரத்திலேயே ஒருத்திக்கு விரல் போயிற்று. பெண்கள் சங்கம் வைப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அதை நேராகப் பேச மாட்டார்கள். கதையை வைத்துத்தான் பேசுவார்கள்.

"அந்தக் கெணத்துக்காரி தனியா நின்னா எத்தினி நாளு நிப்பா? தெருவே சேந்து நிக்கணும்" என்பார் காசிமேட்டு அக்கா. எதைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"நானா இருந்தா பானைய தூக்கிகினு திரிய மாட்டேன். நேரா அந்தக் கோபுரத்துல ஏறி அந்த மணிய அறுத்துத் தள்ளிட்டு வந்துருவேன்" என்றாள் புளியந்தோப்புக்காரி. "மணி இல்லன்னா அவுனுங்க இன்னா பண்ணுவானுங்க?"

இதையும் நான் வீட்டில் சொன்னேன். மாமா கண்ணைத் திறந்து, "மணியை அறுத்துத் தள்ளணும்னா சொன்னா?" என்று கேட்டார். "நல்ல பொண்ணு" என்றார்.

கதையிலும் நெருக்கடி வந்துவிட்டது. விதவையிடம் தண்ணீர் வாங்கிய வீடுகளில் ஒன்றன்பின் ஒன்றாகக் குழாய் காய்ந்தது. யாரோ உள்ளே இருந்தே சொல்கிறார்கள். யார்? மரத்தடியில் இதே பேச்சு. கதையில் வரும் விறகு வண்டிக்காரன் என்றார் காசிமேட்டு அக்கா, அவன்தான் தெருத்தெருவாகப் போகிறவன். பக்கத்து வீட்டுக் குழந்தையின் தாய் என்றாள் புளியந்தோப்புக்காரி, பிள்ளைக்காக எதையும் செய்வாளாம். நான் மாமாவைக் கெஞ்சினேன். "எனக்கு மட்டும் சொல்லு மாமா, நான் சொல்லமாட்டேன்." அவர் சிரித்தார். "உனக்குத்தான் சொல்லவே கூடாது."

கடைசிப் பகுதி வருவதற்கு முந்தின வாரம், சனிக்கிழமை, ஐந்து பெண்களை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். காசிமேட்டு அக்கா, புளியந்தோப்புக்காரி, இன்னும் மூன்று பேர். ஐந்து பேரும் மரத்தடியில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள். திரும்பி வந்தபோது வேலை போயிருந்தது. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போகத்தான் உள்ளே விட்டார்கள். வாசலில் நின்ற மேஸ்திரி, வேறு யாருடனும் பேசக் கூடாது என்றார்.

புளியந்தோப்புக்காரி நேராக என் மெஷினுக்கு வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"மேனேஜர் என்னாண்ட இன்னா கேட்டாரு தெரியுமா? 'மணிய அறுத்துத் தள்ளப் போறியாமே, எங்க, இப்ப தள்ளு பாப்போம்'னாரு. நான் எங்க சொன்னேன் அத? மரத்தடில சொன்னேன். அப்போ கிட்டக்க இருந்தது நாங்க அஞ்சு பேரு, நீ ஒருத்தி. அஞ்சு பேரையும் தொரத்திட்டானுங்க. நீ இங்க நின்னுகினு கீற."

காசிமேட்டு அக்கா அவள் தோளைப் பிடித்து இழுத்தார். என்னைப் பார்க்கவில்லை. மேஸ்திரி விசில் ஊதினார். என் இரண்டு மெஷினிலும் நூல் அறுந்து ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதும் எனக்கு மாமாமேல் சந்தேகம் வரவில்லை. இதைச் சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. அவர் எடைக் குமாஸ்தா. மேனேஜரின் அறைக்குள் போகிற ஆளே இல்லை. மரத்தடிக்குப் பின்னாலேயே கிடங்குச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் நின்று எவனோ ஒட்டுக் கேட்டிருக்கிறான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். மாமா என் தலையைத் தடவி, "உன்மேல தப்பு இல்ல பாப்பா" என்றார்.

செவ்வாய்க்கிழமை கடைசிப் பகுதி வந்தது. மீதிப் பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள், என்னை விட்டுக் கொஞ்சம் தள்ளி. ஆனாலும் கதை முடிவு தெரிய வேண்டுமே. ஒருத்தி புத்தகத்தை என் மடியில் போட்டாள். நான் அதற்கு முன்னால் அதைப் பார்க்கவில்லை. அதுவரை மாமா ஒவ்வொரு பகுதியையும் அச்சுக்குப் போகும் முன்பே என்னிடம் காட்டுவார். இதைக் காட்டவில்லை.

படித்தேன். கோபுரத்து ஆட்கள் விதவையின் வீட்டை வளைக்கிறார்கள். விறகை அகற்றுகிறார்கள், பலகையைத் தூக்குகிறார்கள். அவள் கேட்கிறாள், "யார் சொன்னது? அதை மட்டும் சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள்." தெருவில் நிற்கும் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்க்கிறார்கள். கோபுரத்து ஆள் சிரிக்கிறான். அவளுடைய தங்கையைக் கைகாட்டுகிறான்.

அதுவரை அந்தக் கதையில் தங்கை என்று ஒருத்தி பெரிதாக வந்ததே இல்லை. தண்ணீர் சுமக்க வந்துபோவாள், அவ்வளவுதான். இப்போது அவளைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். பேசப் பிடித்தவள். மற்றவர்களைப் போலப் பேசிக் காட்டுவதில் கெட்டிக்காரி. யார் அன்பாகக் கேட்டாலும் கொட்டிவிடுவாள். கை வளையலை ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டே பேசுவாள்.

வளையலை ஏற்றி விடும் பழக்கம் என்னுடையது. அந்த வரியைப் படிக்கும்போது என் வலது கை இடது முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்று தோன்றியது. கடைசி வரிவரை படித்தேன். கிணற்றில் மண் கொட்டுகிறார்கள். விதவை தங்கையைத் திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். முற்றும். ஒருத்தி புத்தகத்தை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பகுதிதான் இருப்பதிலேயே நன்றாக எழுதப்பட்டிருந்தது. மண் விழ விழத் தண்ணீர் கலங்கும் இடம், தெருப் பெண்கள் காலிப் பானையை முந்தானையால் மறைக்கும் இடம், எல்லாம் கண்ணுக்குள் நின்றன. எனக்கு அதுதான் வலித்தது. மோசமாக எழுதியிருந்தால், அவசரத்தில் ஏதோ ஒரு முடிவு வைத்தார் என்று விட்டிருப்பேன். இவர் யோசித்து, ரசித்து, என்னைப் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார்.

வீட்டுக்குப் போனபோது அக்கா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "தெரியுமா உனக்கு, இவருக்கு ஸ்டோர்ல பெரிய வேலை குடுத்துட்டாங்க. கம்பெனி வூடு குடுக்கிறாங்க. உள்ளேயே குழாய் கீது."

மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டீ போட எழுந்தார். வேண்டாம் என்றேன்.

"நான் சொன்னதெல்லாம் கதைக்குன்னு நெனச்சேன் மாமா."

"கதைக்குத்தான் கேட்டேன்."

"மேனேஜருக்கு எப்டித் தெரிஞ்சுது?"

அவர் மறைக்கவில்லை. அவ்வளவு சுலபமாகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அச்சகத்திலிருந்து எப்படியோ விஷயம் கசிந்து, மேனேஜர் அவரைக் கூப்பிட்டிருக்கிறார். சீட்டைக் கிழிப்பார் என்று நடுங்கிக்கொண்டு போனாராம். மேனேஜர் உட்காரச் சொல்லி, கதை பிரமாதம் என்று சொல்லி, படிப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாராம்.

"எழுதுறவன்கிட்ட அதை யாரு கேட்டிருக்கா பாப்பா? எனக்குச் சந்தோஷமாயிருந்துச்சு. சணல் கயிறு விஷயத்தைச் சொன்னேன். சிரிச்சாரு. அடுத்த பகுதி வந்ததும் மறுபடி கூப்பிட்டாரு."

"அவரு எதுக்குக் கேக்கிறாருன்னு தெரியாதா உனக்கு?"

"முதல்ல தெரியல."

"அப்பால?"

அவர் சாக்கின் வாயை இழுத்துக் கட்டினார்.

"சரி, அத வுடு. தங்கச்சிய ஏன் எழுதுன? அவதான் சொன்னான்னு ஏன் எழுதுன?"

"யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கணுமே, கதையில." என்னைப் பார்க்காமலே சொன்னார். "அதுல பாரு, அவ தெரிஞ்சு செய்யல. பாவம்தான் அவ. படிக்கிறவங்களுக்கு அவமேல இரக்கம்தான் வரும்."

"உன் பேரு யாருக்கும் தெரியாது. என் மூஞ்சி எல்லாருக்கும் தெரியும் மாமா."

அக்கா குறுக்கே வந்தாள். "இன்னாத்துக்கு இப்போ கத்தற? கதைதானே? உன்ன யாராவது வேலைய வுட்டுத் தூக்கினாங்களா? அவர் சொன்னதாலதான் உன்ன வுட்டு வெச்சிருக்காங்க, தெரியுமா?"

மறுநாள் கம்பெனி வண்டியில் சாமான் ஏறியபோது அம்மாவும் அக்காவோடு ஏறினாள், பிரசவத்துக்குத் துணை வேண்டும் என்று. என்னையும் கூப்பிட்டாள். நான் போகவில்லை. ஆலைக்கும் திரும்பிப் போகவில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய தையல் கூடத்தில் சேர்ந்தேன். பல வருஷங்களுக்குக் குழந்தைகள் கோயிலில் முதல் நன்மை வாங்கும் நாளில் போடும் வெள்ளைச் சட்டைகளைத் தைத்தேன். ஆலையில் சங்கம் வரவில்லை, இரண்டு மெஷின்தான் நிலைத்தது.

அந்த வாரமே காசிமேட்டு அக்காவை அவர் ஊருக்கே போய்த் தேடிப் பிடித்தேன். கரையில் மீன் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எழுதியவர் யார் என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தாமல் கேட்டார். முடிந்ததும், "கடைசில கெணத்துக்காரிக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டார். கடைசிப் பகுதியை அவர் கேட்கவில்லையே. அதையும் சொன்னேன். தங்கையையும் மறைக்கவில்லை.

அவர் கொஞ்ச நேரம் கூடையில் ஐஸைத் தள்ளிக்கொண்டிருந்தார். "நீ சொல்றத நான் நம்பறேன்" என்றார். "ஆனா அந்தாளு உங்க வூட்டு ஆளுன்னு மொதல்லியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் வாயத் தொறந்திருக்க மாட்டேன்ல?" கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பிடி நெத்திலியைத் தாளில் சுற்றிக் கொடுத்து அனுப்பினார்.

மாமா பிறகு அந்தக் கதையைக் கெட்டி அட்டை போட்டுத் தன் சொந்தப் பெயரிலேயே வெளியிட்டார். அக்காவிடம் எனக்கு ஒரு பிரதி கொடுத்தனுப்பினார். வேண்டாம் என்று வைத்திருந்து, ஒரு மழைக்காலத்தில் எடுத்துப் படித்தேன். வாளியைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்கும் இடத்தில் மறுபடியும் எனக்கு மூச்சு நின்றது. முடிவு தெரிந்தும் பக்கத்தைத் திருப்பாமல் இருக்க முடியவில்லை. புதிதாக ஒன்றைக் கவனித்தேன். அந்த ஊரில் கோபுரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. அவர்களுக்கு ஒரு முகம்கூடக் கிடையாது. முகம் உள்ளவர்கள் எல்லாம் தாகத்தில் இருக்கிறவர்கள்.

புளியந்தோப்புக்காரியை அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன். டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள், இடுப்பில் ஒரு பிள்ளை. ரோட்டைக் கடந்து ஓடினேன். "ஒரே ஒரு நிமிஷம் கேளேன்" என்றேன். என்னை அடையாளம் தெரிந்தது அவளுக்கு. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் பிள்ளையின் காதைக் கையால் பொத்திக்கொண்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டாள். அது அவள் போக வேண்டிய பஸ் இல்லை. புளியந்தோப்புக்கு நேர் எதிர்ப்பக்கம், எண்ணூர் போகிற பஸ்.